சிறு இணையக் குழுக்களில் ஒரு தொழில்நுட்ப ஆர்வலரின் அன்றாடம்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் ஆகிய ஊர்களில் கணினியையும் வானொலியையும் மின்னணுச் சுற்றுகளையும் பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகக் கையாள்பவர்கள் சிலர் இருக்கிறோம். அதே ஆர்வம் கொண்ட ஒருவர் அடுத்த தெருவில் கிடைப்பது அரிது என்பதால், இருபது முப்பது பேர் மட்டுமே உள்ள இணையக் குழுக்களில்தான் நாங்கள் கற்கிறோம், கற்றதைச் சொல்கிறோம். உறவினர்களும் மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் நாள்தோறும் என்னதான் செய்கிறீர்கள்?

பெரும்பாலும் சிறு வேலைகள்தான். புதிய மென்பொருளைத் தாங்காத பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவி அதை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் குடும்பப் படங்களையும் பத்திரங்களின் நகல்களையும் சேமிக்கும் வீட்டுச் சர்வரை அமைப்பது, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை ஈஎஸ்பி32 சில்லைக் கொண்டு கீழே இருந்தபடியே அறிவது, கண்ணாடிக் குழல்களால் இயங்கிய, ஊமையாகிப்போன பழைய வால்வு வானொலியைப் பேச வைப்பது, ஒரு செயலியில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால் அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆகியவை இதில் அடங்கும். பொருள்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை என்று வீட்டார் நினைப்பதுண்டு. உண்மையில் திருப்புளி கையில் இருக்கும் நேரத்தைவிடப் படிப்பதிலும் எழுதுவதிலும் செல்லும் நேரமே அதிகம். மாலையில் குழுவைத் திறந்தால் முதலில் பிறருடைய கேள்விகளைப் படிப்பேன், தெரிந்தவற்றுக்கு விடை எழுதுவேன், அதன் பிறகே என் வேலை.

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால்தானே இவையெல்லாம் இயலும்?

உதிரிப்பாகங்களைக் கண்ணால் பார்த்து வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கு ஈடு இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்று அஞ்சலிலேயே வந்துவிடுகின்றன. அறிவியலும் இந்த ஊருக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. மின்கலம் பற்றிய ஆய்வு நடக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு மின்கலத்தைப் பற்றிக் கேள்வி எழுவது இயல்புதானே.

ஆயினும் ஆய்வகம் வேறு, ஆர்வலரின் தேவை வேறு. இரவு ஒன்பது மணிக்கு ஒரு சுற்று ஏன் சூடாகிறது என்று கேட்க எனக்கு ஓர் ஆராய்ச்சியாளர் வேண்டியதில்லை; அதே சுற்றை முன்பே செய்து பார்த்த இன்னோர் ஆர்வலர் இருந்தால் போதும். அவர் தேனியில் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். கடல் கடந்து பிழைக்கப் போனவர்களோடு கடிதத்தில் உறவைக் காத்துவந்த மக்களுக்கு, தொலைவில் இருப்பவரோடு எழுத்தால் பழகுவது புதிய வழக்கமன்று.

இலட்சக்கணக்கானோர் கூடும் பெரிய தளங்கள் இருக்கும்போது முப்பது பேர் உள்ள குழு எதற்கு?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது இதுதான், விரிவாகவே சொல்கிறேன்.

சிறு குழுவில் உங்களுடைய கருவிகளை மற்றவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். போன மாதம் நீங்கள் எந்த ரவுட்டர் வாங்கினீர்கள், உங்கள் வீட்டில் மின்சாரம் எப்போது ஏறி இறங்குகிறது, உங்களுக்குச் சாலிடரிங் எவ்வளவு கைவந்திருக்கிறது என்பதையெல்லாம் அறிந்தவர் தரும் விடை, எதுவும் அறியாத ஒருவர் தரும் விடையைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கும். இரண்டாவதாக, விடை சொன்னவர் நாளையும் அங்கேயே இருப்பார். தவறாகச் சொன்னால் அதே நபர்களின் முன்னால் திருத்த வேண்டிவரும் என்பதால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் தானாக உருவாகிறது. பெரிய தளங்களில் எந்தப் பதிவு முதலில் தெரிய வேண்டும் என்பதை ஒரு நிரல் முடிவு செய்கிறது. கோபமூட்டுவதும் வியப்பூட்டுவதும் மேலே வரும், ஒரு மின்தேக்கியை (கெபாசிட்டரை) எந்தப் பக்கம் திருப்பிப் பொருத்துவது என்ற கேள்வி கீழே போய்விடும். சிறு குழுவில் எழுதிய வரிசையிலேயே எல்லாம் தெரிகிறது, எல்லாக் கேள்வியையும் யாராவது ஒருவர் படிக்கிறார்.

சிறு வட்டத்திலிருந்து பெரிய காரியம் எழாது என்று நினைப்பவர்கள் லினக்ஸின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களின் செய்திக்குழுவில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்து, அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டார். ஒரே கருவியோடு போராடிக்கொண்டிருந்தவர்களிடம் அவர் கேட்டதால்தான் பயனுள்ள விடைகள் வந்தன.

குறையையும் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவருக்கும் தெரியாத பொருள்கள் உண்டு. அப்போது பெரிய தளங்களில் தேடி, கிடைத்ததைக் குழுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்தாறு பேர் மட்டும் உள்ள குழுவோ, இரண்டு பேருக்கு வேலை மாறினாலே அமைதியாகிவிடும்.

இத்தகைய குழுக்கள் எங்கே கூடுகின்றன?

பலருக்கும் தெரிந்தவை வாட்ஸ்அப்பும் டெலிகிராமும். பழையவர்கள் ஐஆர்சியை விடவில்லை. 1988இல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் எழுதிய அந்த உரையாடல் முறை மிகப் பழைய கணினியிலும் மிக மெதுவான இணைப்பிலும் ஓடும். மேட்ரிக்ஸ் என்னும் உரையாடல் வலை, மாஸ்டடான் என்னும் சமூக வலை போன்றவை கூட்டாட்சி முறையில் இயங்குகின்றன. அதாவது ஒவ்வொரு குழுவும் தன் சர்வரைத் தானே வைத்துக்கொள்ளலாம், ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரோடு தடையின்றி உரையாடலாம். மின்னஞ்சல் இயங்குவதும் இப்படித்தான். 2016இல் தோன்றிய மாஸ்டடான் இன்று பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் தன் பரிந்துரையாக வெளியிட்டது.

புதியவருக்கு என் பரிந்துரை: உங்களுக்கு வேண்டிய ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே சேருங்கள், மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்ந்தவர் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும்?

‘ஒரு சந்தேகம் கேட்கலாமா’ என்று எழுதிவிட்டு யாரேனும் அழைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கேள்வியையே எழுதிவிடலாம். ஆனால் முழுமையாக எழுத வேண்டும். ‘என் ராஸ்பெர்ரி பை அடிக்கடி நின்றுவிடுகிறது, என்ன செய்வது’ என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்வார்கள். அதையே, ‘நான்காம் தலைமுறை ராஸ்பெர்ரி பை, கைப்பேசியின் பழைய சார்ஜரில் ஓடுகிறது, வெளியிலிருந்து வட்டைச் செருகினால் சில நிமிடங்களில் தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது, அதற்கு முன் திரையின் மூலையில் மின்னல் குறி தெரிகிறது, வட்டைக் கழற்றிவிட்டால் சிக்கல் இல்லை’ என்று எழுதினால் முதல் விடையே சரியாக அமைய வாய்ப்புண்டு. மின்னல் குறி, கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதைக் காட்டும் எச்சரிக்கை. 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் சார்ஜரும், நீளம் குறைந்த தடித்த கேபிளும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிழைச் செய்தி வந்தால் திரையைக் கைப்பேசியால் படம் எடுத்து அனுப்புவதைவிட அந்த வரிகளை எழுத்தாகவே ஒட்டுவது நல்லது, ஏனெனில் பின்னர் அதே பிழையைத் தேடி வருபவருக்கு எழுத்துதான் அகப்படும். இறுதியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ரவுட்டரின் அலைவலிமையைக் கூட்டுவது எப்படி என்று ஒருவர் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையில் வேண்டியது கொல்லைப்புறத்தில் ஒரு கண்காணிப்புக் கேமரா. அதற்கு ஒரு கேபிள் இழுத்தாலே போதும் என்பது அவர் நோக்கத்தைச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வயதில் மூத்தவர் தவறான விடை சொன்னால் திருத்தலாமா?

திருத்தத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் மூத்தவரை அண்ணே என்றும் ஐயா என்றும் அழைப்பது வழக்கம், குழுவிலும் அதையே பின்பற்றுகிறோம். மரியாதை சொல்லில் இருக்கட்டும், கணக்கு கணக்காக இருக்கட்டும். 5 வோல்ட் மின்சாரத்தில் 2 வோல்ட் எல்இடி ஒன்றுக்கு 15 ஓம் மின்தடை போதும் என்று ஒருவர் சொன்னால், ‘ஐயா, மீதமுள்ள 3 வோல்ட்டை 15 ஓமால் வகுத்தால் 200 மில்லியாம்பியர் வருகிறது, எல்இடி தாங்குவது 20 தான், 150 ஓம் என்று எழுத நினைத்தீர்களா?’ என்று கேட்கலாம். தவறான மதிப்பு அப்படியே நின்றால் நாளை அதைப் படிக்கும் பள்ளி மாணவர் அப்படியே செய்து பார்ப்பார்.

கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அத்துடன் முடிந்ததா?

இல்லை. இந்த ஒன்றை எல்லோரிடமும் நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: விடையைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என்ன நடந்தது என்று எழுதுங்கள். சரியானால் எது சரிசெய்தது என்றும், சரியாகாவிட்டால் எது உதவவில்லை என்றும் எழுதுங்கள். மூன்று பேர் மூன்று வழி சொன்ன இடத்தில் கேட்டவர் பேசாமல் போய்விட்டால், அந்த மூன்றில் எது மெய் என்று யாருக்கும் தெரியாது. சொன்னவர்களும் எதையும் கற்பதில்லை. ஒரு வரி முடிவு எழுதப்பட்டால் அந்த உரையாடல் முழுவதும் அடுத்தவருக்கு உதவும் ஆவணமாக மாறுகிறது.

நான் பார்த்த வரையில், அறிவாளிகள் நிறைந்திருந்தும் முடிவை எழுதும் பழக்கம் இல்லாத குழுக்கள் சலித்துப்போய் ஓய்ந்துவிடுகின்றன. ஒரே கேள்வி மாதந்தோறும் வர, ஒரே விடையை எழுதி எழுதி மூத்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இடைநிலை அறிவு உடையவர்களே இருந்தும், செய்து பார்த்ததைத் தவறாமல் எழுதும் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன.

ஆங்கிலம் சரளமாக வராதவர் பங்கேற்க முடியுமா? தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்?

தமிழில் எழுதுவதைப் படிக்க ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் இணையத்தின் வழியே ஒன்றுசேர்ந்து தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, இலவசமாக அனைவருக்கும் கிடைக்கச் செய்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை உள்ள கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் இதழ் 2012இல் தொடங்கியது. இவை மூன்றும் விருப்பத்தால் உழைத்தவர்களின் ஆக்கங்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். ஒற்று பல இடங்களில் தானாக விழும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவர்கள் தொடக்கத்தில் திணறினாலும் பழகிய பின் பழைய முறைக்குத் திரும்புவதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், முன்பகுதி பின்பகுதி என இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே வடிவாக மாற்றும் இயல்பாக்கம் செய்யாத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. கௌ எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ள என்னும் எழுத்தும் தட்டுவதாலும் இதே சிக்கல் எழுகிறது. இதை எந்த இயல்பாக்கமும் சரிசெய்யாது. குழுவின் பழைய பதிவுகளில் ‘மௌனம்’ தேடிக் கிடைக்காமல்போனால் இந்தக் காரணத்தை முதலில் பாருங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் வைஃபை ஏன் எட்டுவதில்லை?

உள்ளூர்க்காரர்களிடமிருந்து மிகுதியாக வரும் தொழில்நுட்பக் கேள்வி இது. முகப்பில் ரவுட்டர் இருக்கும். முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டி, வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு வெளிநாட்டுப் பேரனின் வீடியோ அழைப்பு உடைந்து உடைந்து வரும். தடித்த செங்கற்சுவர், அதன்மேல் பல அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, ஆங்காங்கே இரும்பு உத்தரம், வெள்ளி பூசிய பெரிய நிலைக்கண்ணாடி ஆகிய எல்லாமே அலையை உறிஞ்சவோ திருப்பவோ செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் விரைவாகத் தேயும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தொலைவு செல்லும். தேக்குத் தூண்களால் பெரிய தடை இல்லை.

அலைவலிமையைக் கூட்டும் கருவி என்று விற்கப்படுவதை வாங்குவதற்கு முன், ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். திறந்த வளவின் தாழ்வாரத்தில் மழைபடாத உயரத்தில் அதை வைத்தால், முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளின் வாசல்கள் வழியே அலை நேராகச் செல்லும். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீள வீடுகளுக்கு ஒரு ரவுட்டர் போதாது. ஒவ்வொரு கட்டுக்கும் வைஃபை அலையைப் பரப்பும் ஓர் அணுகுமுனை வைத்து அவற்றைக் கேபிளால் இணைப்பதே நிலையான தீர்வு. ஒரே ஓட்டமாக ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர்வரை இழுக்கலாம் என்பதால் நீளம் பெரும்பாலும் சிக்கலாகாது. அணுகுமுனைகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்களைப் பிரித்துக்கொடுத்தால் ஒன்றையொன்று குழப்பாது.

சுவரில் துளையிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சை இன்று அதே தரத்தில் பூசித் தரும் கொத்தனார் அரிது. மேலும் பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. உத்தரத்தின் மேல்விளிம்பை ஒட்டியோ பழைய மின்கம்பிக் கட்டைகளின் வழியிலோ கேபிளைக் கொண்டுபோகலாம்.

மின்வெட்டிலிருந்தும் இடியிலிருந்தும் கருவிகளை எப்படிக் காப்பது?

சிறு கணினிகள் கெடுவதைவிட அவற்றின் மெமரி கார்டு கெடுவதே அதிகம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புமுறை சிதையும். முக்கியமான தரவை எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றுங்கள், சிறு யூபிஎஸ் ஒன்று வையுங்கள், நகலை வேறோர் இடத்திலும் வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழையில் நீண்ட செம்புக் கேபிளில் தூண்டப்படும் மின்னோட்டம் ரவுட்டரின் துளைகளைக் கருக்கிவிடும். திறந்தவெளியைக் கடக்கும் இடங்களில் ஒளியிழைக் கேபிள் போட்டால், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இந்த அச்சம் இல்லை.

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய வானொலியை மின்சாரத்தில் செருகிப் பார்க்கலாமா?

செருகாதீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடைக்கும் வால்வு வானொலிகளைக் கண்டதும் ஆசை எழும் என்பது எனக்குத் தெரியும். பல பதிற்றாண்டுகள் உறங்கிய கருவியில் நேரடியாக 230 வோல்ட் பாய்ச்சினால் ஒரு நிமிடத்தில் சீர்செய்ய முடியாதபடி கெட்டுப்போகலாம். மின்பகுபொருள் மின்தேக்கிகளின் உள்ளே காப்பாக இருக்கும் ஆக்சைடு படலம் நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்டால் மெலிந்துவிடுகிறது; காகித மின்தேக்கிகளோ ஈரம் ஏறிக் கசியத் தொடங்கி, வெளியீட்டு வால்வை அளவுக்கு மீறி இயங்கவைத்து அதையும் மின்மாற்றியையும் எரித்துவிடுகின்றன. ஆகவே முதலில் மின்தேக்கிகளைச் சோதித்து மாற்ற வேண்டும். பிறகு ஒரு 40 அல்லது 60 வாட் இழைபல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து அறிவிக்கும், கருவி தப்பும்.

உயிருக்கான எச்சரிக்கை தனி. வால்வுகளுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் செல்கிறது, அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். மின்மாற்றி இல்லாமல் செய்யப்பட்ட ஏசி/டிசி வகைகளில் உலோகச் சட்டமே மின்சாரத்தின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். இதில் பழக்கம் இல்லாதவர், அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே இதைத் தொட வேண்டும். குழுவில் எழுத்தின் வழியே வழிகாட்ட நாங்கள் மறுப்பதும் இந்த ஒரு பொருளில்தான்.

ஒரு சிறு குறிப்பு: ஊர்ப்பெயர்கள் அச்சிட்ட டயல் கண்ணாடியின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், எழுத்து முழுவதும் கழுவிப் போய்விடும். 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில் இத்தகைய பெட்டிகளின் முன்தான் மக்கள் கூடினார்கள். அந்தக் கண்ணாடிக்கு மாற்று இனிக் கிடைப்பது கடினம்.

அமெச்சூர் வானொலிக்கு உரிமம் வேண்டுமா?

ஆர்வலர்கள் தம் சொந்தக் கருவியால் ஒருவரோடொருவர் வானொலி அலையில் பேசுவதே அமெச்சூர் வானொலி. அதில் ஒலிபரப்ப வேண்டுமானால் உரிமம் கட்டாயம் வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வெழுதி, தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து உரிமம் பெறலாம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது, அந்தமானில் முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலிக் குழு, தொலைபேசி அறுந்த தீவிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுசேர்த்தது.

இதில் வருமானம் உண்டா? வீட்டில் ஒத்துக்கொள்வார்களா?

வருமானத்துக்காக இதைத் தொடங்காதீர்கள். வரவும் செலவும் எழுதிவைக்கும் மரபில் வந்த வீடுகளில் ‘இதனால் என்ன வரும்’ என்ற கேள்வி எழுவது நியாயமே, அதற்கு நேர்மையான கணக்கைக் காட்டுவதே சரியான விடை. 5 வாட் இழுக்கும் சிறு கணினி ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 44 யூனிட் ஆகும், இரண்டு மாதத்துக்கு 7 யூனிட். அதே வேலைக்கு 60 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினியை ஓடவிட்டால் இரண்டு மாதத்துக்கு 88 யூனிட் போகும். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். இந்தக் கணக்கை வீட்டாரிடம் காட்டிய பிறகு, தூக்கிப்போட இருந்த மடிக்கணினியை அப்பாவின் பயன்பாட்டுக்குச் சீர்செய்து கொடுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, குழுவின் அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திறப்பது குடும்பத்துக்கும் நல்லது, விடையின் தரத்துக்கும் நல்லது.

பெண்களும் பள்ளி மாணவர்களும் சேரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சேருமுன் குழுவின் விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா, மீறியவரை உண்மையிலேயே நீக்குகிறார்களா என்று பாருங்கள். கைப்பேசி எண் எல்லோருக்கும் தெரியும் குழுவைவிடப் புனைபெயரில் இயங்கவிடும் குழு பாதுகாப்பானது. தொழில்நுட்பக் கேள்விக்குத் தனிச்செய்தியில் வரச்சொல்லும் எவருக்கும் இணங்க வேண்டாம், பொது இடத்தில் சொல்ல முடியாத விடை எதுவும் இத்துறையில் இல்லை. படங்களை அனுப்புமுன் அவற்றில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

குழு மூடப்பட்டால் அதில் எழுதியதெல்லாம் என்ன ஆகும்?

பெரும்பாலும் அழிந்துபோகும், அதனால்தான் இதைக் குறித்துக் கவலைப்படுகிறேன். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமச் சேவை 2020 டிசம்பரில் முற்றிலும் மூடப்பட்டது. யாரோ தனியே எடுத்துவைத்தவை மட்டுமே மிஞ்சின. 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்னும் ஐஆர்சி வலையமைப்பின் கட்டுப்பாடு பற்றிய பிணக்கில், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் விலகி லிபரா சேட் என்பதைத் தொடங்கினார்கள்; பல கட்டற்ற மென்பொருள் குழுக்கள் சில நாள்களில் அங்கே இடம்பெயர்ந்தன. ஆள்கள் ஒன்றாக நின்றால் குழு பிழைத்துக்கொள்கிறது, பழைய எழுத்துக்கு அப்படி ஓர் உறுதி இல்லை.

இதற்கு வழிகாட்டி நம் பக்கத்திலேயே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, எந்தப் பதவியும் இல்லாமல், தம் விருப்பத்தால் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் விளம்பரத் தாள்களையும் கூடச் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைக்கச் செய்தது, சென்னையில் 1994 முதல் அது ஆய்வு நூலகமாக இயங்குகிறது. பிறர் எறிந்துவிடும் தாளில் நாளைய வரலாறு இருக்கிறது என்று அவர் கண்டதை, உரையாடல் பதிவுகளுக்கும் நாம் செய்யலாம். முடிவு தெரிந்த கேள்விகளை மாதம் ஒருமுறை பிரித்தெடுத்து, எந்தக் கணினியிலும் திறக்கும் வெற்று உரைக்கோப்பாக, இரண்டு மூன்று பேரிடம் வைத்திருந்தால் போதும். எழுதியவரின் இசைவைப் பெற்று, கைப்பேசி எண்களை நீக்கிவிட்டுச் செய்ய வேண்டும்.

இந்தக் குழுக்களால் நம் ஊருக்கு ஏதேனும் பயன் உண்டா?

உண்டு, அதற்குப் பெரிய நிரலாக்க அறிவும் தேவையில்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தம் ஊரைச் சேர்க்கலாம். எங்கள் ஊர்களின் ஊருணிகள், நகரத்தாருக்குரிய நகரக் கோயில்கள், பொட்டல்கள், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகள் ஆகியவற்றை அவ்வூரில் நடமாடுபவரைவிடச் சரியாக யார் குறிக்க முடியும்? பெயரை எழுதும்போது தமிழ்ப் பெயருக்கென உள்ள தனிப் புலத்தில் தமிழ் எழுத்திலேயே இடுங்கள். ஊர்மக்கள் வழங்கும் பெயர் வேறாக இருந்தால் அதற்கும் மாற்றுப்பெயர்ப் புலம் இருக்கிறது. வற்றிய ஊருணியை அழித்துவிடாமல், பருவகால நீர்நிலை என்று குறியுங்கள்.

படம் எடுப்பவர்கள், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுக்கலாம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. பல வீடுகளோ ஆண்டுதோறும் இடிக்கப்பட்டு, நிலையும் கதவும் தூணும் தனித்தனியே விற்பனைக்குப் போகின்றன. ஆகவே வெளிமுகப்பை மட்டும் எடுக்காமல், மழைநீர் வடியும் தூம்பு, ஓட்டு வரிசை, சுதைச் சிற்பம், பூட்டு, தரைக்கல்லின் வடிவம் ஆகியவற்றை அருகிலிருந்து எடுத்து, ஊர், தெரு, நாள் ஆகியவற்றோடு பதிவேற்றுங்கள். தெருவிலிருந்து தெரியும் முகப்புக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உள்ளே எடுக்கும் படங்களுக்கு வீட்டுக்காரரின் இசைவு தேவை. வீடு பங்காளிகளுக்குப் பொதுவானால், சாவி வைத்திருப்பவர் ஒருவரின் சம்மதம் போதாது, மற்றப் பங்காளிகளுக்கும் தெரிவித்துவிட்டு, பூட்டிய அறைகளின் பொருள்களும் காவல் ஏற்பாடும் படத்தில் தெரியாதபடி பார்த்துக்கொண்டு வெளியிட வேண்டும்.